பாதி உண்மைக்கு முழு விலை



ஒரு காலத்தில் நம் ஊர்களுக்கு மின்பொருள்கள் கப்பலேறி வந்தன. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சென்ற சபுராளிகள் வானொலிப் பெட்டியும் டேப் ரிக்கார்டரும் கொண்டு வந்தார்கள். பின்னர் துபாய்க்கும் சவூதிக்கும் சென்ற பிள்ளைகள் டூ-இன்-ஒன்னும் தொலைக்காட்சிப் பெட்டியும் சுமந்து வந்தார்கள். கொண்டு வந்தவரே அதை இயக்கிக் காட்டினார். பழுதானால் தெருக்கோடி மெக்கானிக் திறந்து பார்த்தார். எதை வாங்குவது என்று நமக்கு ஆலோசனை சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை.

இன்று நிலைமை வேறு. சிறு நகரங்களிலும் மூன்று மாடிக் கண்ணாடிக் கடைகள் எழுந்துவிட்டன. வாயிலிலேயே சீருடை அணிந்த இளைஞர் நம்மை வரவேற்கிறார். ஒரே மாதிரித் தோன்றும் இருபது பெட்டிகளுக்கு நடுவே திகைத்து நிற்கும் நமக்கு அவரே வழிகாட்டி. அவரை நாம் விற்பவராகக் கருதுவதில்லை. விவரம் அறிந்தவராகக் கருதி, “தம்பி, எது நல்லது, நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்கிறோம். அப்படிக் கேட்ட நொடியிலேயே அவர் கையில் ஓர் அமானிதத்தை ஒப்படைத்துவிடுகிறோம். அந்த அமானிதம் என்ன பாடுபடுகிறது என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு லாத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர். இட்லி மாவு அரைத்து விற்று இரு பெண் மக்களை வளர்த்து வருகிறார். கோடையில் மாலைக்குள் மாவு புளித்துப் போவதால் பாதி வியாபாரம் நட்டமாகிறது என்று, 18,000 ரூபாய் சேர்த்து வைத்துக்கொண்டு, 2023ஆம் ஆண்டு கோடையில் ஃப்ரிட்ஜ் வாங்கப் புறப்பட்டார். “தம்பி, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், கூட வாருங்கள்” என்று அழைத்தார். நானும் என் மனைவியும் உடன் சென்றோம்.

லாத்தா கேட்டது ஒற்றைக் கதவுப் பெட்டி. கடை இளைஞர் காட்டியதோ 26,000 ரூபாய் விலையுள்ள இரட்டைக் கதவுப் பெட்டி. “ஒற்றைக் கதவில் மாவு நிற்காது அம்மா, இரண்டே நாளில் கெட்டுவிடும்” என்றார். வாசகர்களே, மாவைக் காப்பது குளிர்தானே தவிரக் கதவுகளின் எண்ணிக்கையன்று. ஒற்றைக் கதவுப் பெட்டியில் உறைந்து படியும் பனியை அவ்வப்போது நாமே கரைத்துவிட வேண்டும். இரட்டைக் கதவுப் பெட்டி அதைத் தானே செய்துகொள்ளும். முக்கியமான வேறுபாடு இதுதான். இது வசதியைப் பற்றிய செய்தி; மாவின் ஆயுளைப் பற்றியதன்று.

அடுத்து, நட்சத்திர முத்திரையைக் காட்டினார். “இது ஐந்து நட்சத்திரம், அது மூன்றுதான். கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்துவிடலாம்” என்றார். இங்கேயும் பாதி உண்மைதான் இருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006ஆம் ஆண்டு தொடங்கிய அத்திட்டத்தில், ஒரு பெட்டியின் நட்சத்திரம் அதன் வகையையும் கொள்ளளவையும் பொறுத்தே அளிக்கப்படுகிறது. பெரிய பெட்டியின் ஐந்து நட்சத்திரத்தைச் சிறிய பெட்டியின் மூன்று நட்சத்திரத்தோடு ஒப்பிடுவது, யானையின் பசியையும் ஆட்டின் பசியையும் ஒப்பிடுவது போலாகும். அதே முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். முத்திரை எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பார்க்க வேண்டும். ஏனெனில் அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டு ஜூலையில் ஏசி இயந்திரங்களுக்கான அளவுகோல் மாறியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தது நான்காகிவிட்டது.

பிறகு ஸ்டெபிலைசர் வந்தது. “இது இல்லாவிட்டால் கம்ப்ரஸர் எரிந்துவிடும்” என்றார். அவர் கையிலிருந்த விளக்கத் தாளை வாங்கிப் பார்த்தேன். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தனி ஸ்டெபிலைசர் இல்லாமலே அப்பெட்டி இயங்கும் என்று அதிலேயே குறித்திருந்தது. மின்னழுத்தம் அந்த எல்லைக்கு வெளியே ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் அவசியமே, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பகுதியில் மின்னழுத்தம் எப்படி என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவர் சொன்னது ஆலோசனையாகாது, அச்சுறுத்தலாகும்.

இவையெல்லாம் பணத்தைப் பொறுத்தவை. அடுத்து வந்ததோ ஈமானைத் தொடும் செய்தி.

“பணம் போதாது” என்று லாத்தா தயங்கியதும், இளைஞர் எங்களை ஒரு மேசைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கடன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அமர்ந்திருந்தார். “தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றார். லாத்தா கேட்ட முதல் கேள்வி, “இதில் வட்டி உண்டா?” என்பதுதான். “ஒரு பைசாகூட வட்டி கிடையாது. உங்கள் ஆட்கள் எல்லாரும் இதில்தான் வாங்குகிறார்கள்” என்று பதில் வந்தது.

படிவத்தை வாங்கிப் படித்தேன். அது கடன் ஒப்பந்தம். அதில் வட்டி விகிதத்துக்கு ஒரு கட்டமிருந்தது. பரிசீலனைக் கட்டணம் என்று ஒரு தொகை இருந்தது. தவணை தவறினால் நாள் கணக்கில் அபராத வட்டி என்றும் எழுதியிருந்தது. அங்கேயே ரொக்க விலை என்னவென்று கேட்டேன். அதே பெட்டிக்கு 1,300 ரூபாய் குறைத்துச் சொன்னார்கள்.

‘வட்டியில்லாத் தவணை’ என்பது பெரும்பாலும் இவ்வாறே இயங்குகிறது. கடன் கொடுப்பவர் வட்டியை விடுவதில்லை. அதைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்கிறார். அல்லது ரொக்கத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் கழிவை நமக்கு மறுத்துவிடுகிறார். கடன் அட்டையில் வாங்கினால் மாதப் பட்டியலில் வட்டி என்றே தனி வரி அச்சாகி வருவதும், அதன்மேல் ஜிஎஸ்டி வசூலிக்கப்படுவதும் உண்டு. பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை, வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களின் மார்க்கத் தீர்ப்பை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றுதான்: வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பேணி வந்த ஒரு பெண்மணி, நேரடியாகக் கேட்ட கேள்விக்குக்கூட நேரான பதிலைப் பெறவில்லை.

லாத்தா கையெழுத்திடவில்லை. தாம் முதலில் கேட்ட ஒற்றைக் கதவுப் பெட்டியை 16,500 ரூபாய்க்கு ரொக்கமாக வாங்கினார். மீதிப் பணத்தில் மாவு ஊற்றி வைக்க மூடியுள்ள டப்பாக்கள் வாங்கினார். அந்தப் பெட்டிதான் இன்றும் அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தோடு முடித்திருந்தால் கடை இளைஞர்கள்மீது குற்றம் சுமத்திய கட்டுரையாக இது நின்றிருக்கும். ஆனால் அந்தச் சீருடைக்குள் இருப்பவர்களும் நம் பிள்ளைகளே.

2024ஆம் ஆண்டு ரமளானில், ஒரு நாள் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சிறு வயதில் எங்கள் மதரஸாவில் ஓதியவர். இப்போது அத்தகைய ஒரு கடையில் பணிபுரிகிறார். “ஹஜ்ரத், என் சம்பாத்தியம் ஹலால்தானா?” என்று கேட்டார். நிறையப் பேசினார். கடைத்தளத்தில் நிற்பவர்களில் பலர் கடையின் ஊழியர்களே அல்லர். ஒவ்வொரு கம்பெனியும் சம்பளம் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பவர்கள். வேறு கம்பெனிப் பொருளே உங்களுக்குப் பொருத்தமானது என்று அவர்கள் சொல்ல முடியாது. மாதந்தோறும் இலக்கு உண்டு. கூடுதல் வாரண்டி ஒன்றை விற்றால் தனி ஊக்கத்தொகை. விற்காவிட்டால் மேலாளர் மற்றவர் முன்னிலையில் ஏசுவார்.

“பத்தாண்டு வாரண்டி என்று சொல்கிறேன், ஹஜ்ரத். அது கம்ப்ரஸருக்கு மட்டும்தான், கேஸ் நிரப்பவும் ஆள் கூலிக்கும் பணம் கேட்பார்கள் என்பதைச் சொல்வதில்லை. பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொல்கிறேன். முழுவதும் சொன்னால் இலக்கு நிறைவேறாது. வீட்டில் உம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும்” என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவருக்கு நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள, அவர் சிறு வயதில் கேட்ட செய்தியையே நினைவூட்டினேன். கடைத்தெருவில் தானியக் குவியலொன்றைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்று வியாபாரி கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வினவினார்கள். அந்த வியாபாரி வாயால் பொய் சொன்னதாக அதில் இல்லை. ஈரம் அடியில் இருந்தது, அவ்வளவுதான். நம் ஃபிக்ஹு நூல்கள் மறைந்த குறைக்காகப் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ‘கியாருல் ஐப்’ என்று தனியாகவே பேசுகின்றன. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சொல்லும் ஓர் அளவைதான்.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் அப்படிச் சொல்வது எளிது; அவர் செய்வது கடினம். “கேட்டவருக்கு முழுவதையும் சொல். கேட்கத் தெரியாதவருக்கு, ‘இதை பில்லில் எழுதி வாங்குங்கள்’ என்றாவது சொல்” என்றேன். சில மாதங்களுக்குப் பிறகு, அதே கடையில் பழுது நீக்கும் பிரிவுக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். ஊக்கத்தொகை இல்லை, வருமானம் குறைந்திருக்கிறது. “உறக்கம் வருகிறது, ஹஜ்ரத்” என்றார்.

வாசகர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கடைக்குச் செல்லுமுன், நம் தேவையையும் கையிருப்பையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். கடையில் பளிச்சென்று மின்னும் தொலைக்காட்சிப் படம், காட்சிக்காகவே கூட்டி வைக்கப்பட்ட வெளிச்சம் என்பதை நினைவில் கொள்வோம். வாய்மொழி உறுதியை பில்லில் எழுதித் தரக் கேட்போம்; எழுத மறுக்கப்படும் உறுதி, உறுதியே அன்று. கூடுதல் வாரண்டியில் எது அடங்காது என்ற பகுதியை முதலில் படிப்போம். தவணை என்றால் ரொக்க விலையையும் கேட்போம்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2020ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைக் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகமாகும். பில்லில் காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

இப்பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில் கடை நடத்துவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊழியருக்கு நீங்கள் விதிக்கும் இலக்குதான், யாரோ ஒரு விதவைத் தாயிடம் பாதி உண்மையாகப் போய்ச் சேர்கிறது. விற்ற எண்ணிக்கைக்குத் தரும் ஊக்கத்தொகையில் ஒரு பங்கை, புகாரின்றி ஓராண்டு கழிந்த விற்பனைக்குத் தந்து பாருங்கள். உங்கள் இளைஞர்கள் முழு உண்மையைப் பேசத் தொடங்குவார்கள்; அவர்களை நம்பி வாடிக்கையாளர் மீண்டும் படியேறி வருவார்கள்.