பிடிமானம்

அலங்காநல்லூரிலிருந்து எந்தத் திசையில் சென்றாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான். எங்களுக்கு நீர் என்றால் சாத்தையாறு அணையும் வாய்க்காலும். ஆயினும், பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் விரையும் விண்ட் சர்ஃபிங் பற்றிச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். என்னை ஈர்த்தது பாய் அல்ல. பலகையின் பின்முனையில் நீருக்குள் மறைந்து நிற்கும் ஃபின் என்னும் சிறு தகடு.

பாயில் மோதும் காற்று பலகையைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. ஃபின் இல்லையென்றால் அது சருகைப்போல் ஒதுங்கிவிடும். பலகை சில பாகை சாய்ந்து நகரும்போது ஃபினின் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து மறுபக்கம் கூடுகிறது. விமான இறக்கையைத் தூக்கும் அதே விசை இங்கே படுக்கைவாட்டில் பிறக்கிறது.

வேகம் இரட்டித்தால் இவ்விசை நான்கு மடங்காகும். ஆகவே விரைவை விரும்புபவர் சிறிய ஃபினையே தேர்கிறார். பெரியது அந்த வேகத்தில் வெறும் சுமை. ஆனால் வேகம் கூடுமுன் சிறிய ஃபின் அதிகச் சாய்வில் உழைத்தாக வேண்டும். எல்லை மீறினால் நீரோட்டம் அதன் பரப்பைவிட்டுப் பிரிகிறது. அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு மேலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. அக்கணமே பிடிமானம் போய்விடும், பின்முனை வழுக்கி ஓடும். இதுவே ஸ்பின் அவுட். (வாடிவாசல் முன் பரப்பிய தென்னை நார்க்கழிவில் சட்டென்று திரும்பும் காளையின் பின்னங்கால் இழுபடுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) பின்காலின் அழுத்தத்தைத் தளர்த்தி, நீர் மறுபடி தகட்டைப் பற்றும்வரை பொறுக்க வேண்டும். முரட்டுத்தனமாக மிதித்தால் வழுக்கல்தான் நீளும்.

அதிவேகத்தில் இன்னொரு தொல்லை: அழுத்தம் வீழ்ந்து நீரே ஆவியாகிக் குமிழ்விடும். 2015-இல் நமீபியாவின் லூடரிட்ஸில் அந்துவான் அல்போ 53.27 நாட் வேகத்தை எட்டினார். அதே நாட்டின் வால்விஸ் விரிகுடாவில் 2012-இலேயே பால் லார்சன் செயில்ராக்கெட் 2 என்ற பாய்க்கலத்தில் 65.45 நாட் சென்றிருந்தார். அதன் நீரடித் தகடு ஆப்பு வடிவம், பின்விளிம்பு மழுங்கல். காற்று நுழைவதைத் தடுக்காமல், நுழைந்த காற்றோடு இயங்கும்படியே அதை வடித்திருந்தார்கள். இத்துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாக் விரிகுடாவில் சிக்கல் வேறு. கடல் ஆழமற்றது, அடியில் கடற்புல். நீண்டு நிமிர்ந்த ஃபின் இழுவை குறைவாகவே தரும். ஆனால் புல்லை வாரிக்கொள்ளும். பின்னோக்கிச் சாய்ந்தது சற்று மெதுவானது. புல் அதில் வழுகிப்போகும், சவாரியாளரின் பிழையையும் பொறுக்கும்.

இந்த ஆழமின்மையைக் கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கத்து மீனவர்கள் முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வத்தை தட்டையான அடிகொண்ட பாய்மரப் படகு. படகு ஒதுங்காதிருக்கப் பக்கவாட்டில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். தரை நெருங்கினால் தூக்கிக்கொள்வார்கள். காற்று மிகும்போது குறுக்கே நீட்டிய இன்னொரு பலகையில் ஆட்கள் ஏறிப் படகைச் சமன்செய்வார்கள். டாம் பிளேக் 1935-இல் அலைச்சறுக்குப் பலகைக்கு ஃபின் பொருத்தியதை அவ்விளையாட்டின் வரலாறுகள் தவறாமல் குறிப்பிடுகின்றன. எஞ்சின்கள் வந்தபின் வத்தையின் பாய்கள் அருகிவிட்டன. பாய் இல்லாத படகுக்கு அந்தப் பக்கப்பலகையும் தேவைப்படவில்லை.