முப்பத்திரண்டு துண்டுகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கால்பந்தை நாம் உதைக்கிறோமே தவிர, உற்றுப் பார்ப்பதில்லை. கணித மாணவன் என்ற முறையில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். ஐங்கோணத் துண்டுகள் 12, அறுகோணத் துண்டுகள் 20, ஆக 32. முனைகள் 60, ஓரங்கள் 90. 60 − 90 + 32 = 2. வகுப்பில் கரும்பலகையில் கண்ட ஆய்லரின் சூத்திரம் திடலில் உருண்டு கிடந்தது!

அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தேனடை போலத் தட்டையாகப் பரவுமேயன்றி உருண்டையாகாது. மூன்று அறுகோணங்கள் கூடுமிடத்தில் 360 பாகையும் நிறைந்துவிடும். ஓர் ஐங்கோணத்தை இடையில் நுழைத்தாலோ 108 + 120 + 120 = 348. குறைகின்ற அந்த 12 பாகைதான் பந்தை வளைக்கிறது. மிச்சத்தை உள்ளே அடைபடும் காற்று பார்த்துக்கொள்ளும். (இதே வடிவில் 60 கரி அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு 1985-இல் கண்டறியப்பட்டதென்று வேதியியல் நண்பன் பெருமையடித்துக் கொள்கிறான். அடித்துக்கொள்ளட்டும்.)

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் ‘டெல்ஸ்டார்’ என்னும் பந்து வந்தது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரியும்பொருட்டு ஐங்கோணங்களுக்குக் கறுப்பு நிறம் தந்தார்கள். 2002 வரை உலகக் கோப்பைப் பந்துகள் யாவும் இந்த 32 துண்டுகளில்தான் இருந்தன.

அவற்றைத் தைத்தவை மனிதக் கைகள். பாகிஸ்தானின் சியால்கோட் இத்தொழிலில் புகழ்பெற்ற நகரம். 1947 பிரிவினையின்போது அங்கிருந்து வந்தவர்கள் பஞ்சாபின் ஜலந்தரில் தொழிலை ஊன்றினார்கள். துண்டுகளை மரக்கவ்வியில் இறுக்கி, முழங்கால்களுக்கிடையே பிடித்து, மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைக்க வேண்டும். ஒரு பந்துக்கு ஏறத்தாழ 650 தையல். உட்புறம் வெளியே தெரியத் தைத்து, பின் புரட்டி, பிளாடரை நுழைத்து, எஞ்சிய வாயை மூடுவார்கள். கூலி பந்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. சிறுவர்களும் இதில் உழன்றதால், சியால்கோட்டுக்கென 1997-இல் அட்லாண்டாவில் ஓர் உடன்படிக்கையே செய்ய வேண்டியதாயிற்று.

எங்கள் விடுதிப் பந்தில் ஒரு துண்டு கிழிந்தபோது, பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டு சென்றேன். “துளை ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா இருக்கணும் தம்பி. ஒண்ணு கூடினாலும் பந்து கோணிக்கும்” என்றார். அவர் எந்தக் கல்லூரிக்கும் போனவரல்லர்.

2006-இல் 14 துண்டுகளை வெப்பத்தால் ஒட்டிய பந்து வந்தது, 2014-இல் 6, 2026 உலகக் கோப்பைக்கான பந்தில் 4 துண்டுகளே. தையலில்லாததால் தண்ணீர் புகாது, வடிவம் மாறாது. நண்பர்கள் வியந்தார்கள். எனக்கு அந்த வியப்பு முழுதாக வரவில்லை. என் தாயார் ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டைப் பால் பட்டுக் கறுத்த அந்த விரல்களின் வருமானத்தில்தான் நான் ஆய்லரைப் படிக்கிறேன். ஆலைகளில் உடைக்கும் இயந்திரம் வந்த செய்தி எங்கள் வீட்டில் எப்படிக் கேட்கப்பட்டது என்பதை நான் அறிவேன்.

சென்ற விடுமுறையில் பந்தை ஊருக்கு எடுத்துச் சென்று, ஐங்கோணம் அறுகோணமெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதைத் தைக்கிறவங்களுக்கு என்னடா கூலி?” என்றார். பிறகு பந்தை மடியில் வைத்து மெல்ல உருட்டினார். கடைசித் தையல் எதுவென்று எத்தனையோ நாள் தேடியும் என் கண்ணுக்குப் படவில்லை. அம்மாவின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

“இங்கதான் முடிச்சிருக்காங்க.”