அறுபத்திரண்டு கண்ணிகள்

நூல் என்ற சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும் என்பதை இலக்கணம் படித்த எவரும் அறிவர். நன்னூல் பாயிரம் அதை உவமையாகவே விரித்துரைக்கிறது: சொல் பஞ்சு, புலவர் நூல் நூற்கும் பெண், வாய் அவளுடைய கை, அறிவு கதிர். முதுகலை வகுப்பில் தேர்வுக்காக அதைப் படித்தேன். இரண்டு நூல்களையும் ஒரே மடியில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு சென்ற குளிர்காலத்தில்தான் அமைந்தது.

அக்காவின் வீடு தில்லி மயூர் விஹாரில் இருக்கிறது. விடுதியிலிருந்து சனிக்கிழமை காலையில் அங்கே போய், ஞாயிறு இரவு திரும்புவேன். அவளுடைய மகனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சொல்வது எல்லாம் அவனுக்குப் புரியும். செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவான். விளக்கு எங்கே என்றால் மேலே பார்ப்பான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. இந்த வயதில் ஐம்பது சொற்களுக்குக் குறைவாகவும், இரண்டு சொற்களைச் சேர்க்காமலும் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பரவலாக வழங்கும் அளவுகோல். செவித்திறன் சோதனையில் குறை ஏதும் இல்லை. ஆனால் ஒரு மருத்துவர், "வீட்டில் தமிழ், காப்பகத்தில் இந்தி, படத்தில் ஆங்கிலம், குழந்தை குழம்பிவிட்டது. ஒரு மொழி போதும், தமிழை நிறுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நீதானே மொழியியல் படித்தவள், நீ சொல்" என்றாள் அக்கா.

பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரு மொழியைப் பறிப்பதால் தாமதம் தீர்வதுமில்லை. அதைச் சொன்னேன். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரையும் பார்த்தோம். அவரும் தமிழை விட வேண்டாம் என்றார். குழந்தை சொல்லும் சொற்களைக் குறித்துவரச் சொன்னார். ஆனால் என் குரலில் இருந்த உறுதி எனக்குள் இல்லை. கருத்தரங்கில் அட்டவணையாகப் பார்த்த பொருள் இப்போது என் மடியில் ஏறி உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தது.

எதிர் வீட்டில் அல்மோராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். குழந்தைக்கு அவர் நானி. டிசம்பர் வெயிலில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டுப் பின்னிக்கொண்டிருப்பார். சும்மா இருந்த என் கையைப் பார்த்து, ஊசிகளை நீட்டினார். கையில்லாத சின்ன ஸ்வெட்டர் ஒன்று. 50 கிராம் உருண்டைகள் மூன்று. கீழ் விளிம்புக்குப் பத்தாம் எண் ஊசி, மேலே எட்டாம் எண் ஊசி. எண் கூடினால் ஊசி மெலியும் என்பதே முதல் பாடம். முன்பக்கத்துக்கு அறுபத்திரண்டு கண்ணிகள்.

தமிழில் நெய்வது வேறு, பின்னுவது வேறு; இந்தியில் இரண்டுக்கும் 'புன்னா' ஒன்றுதான். ஆனால் வேலை ஒன்றல்ல. நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும். பின்னலுக்கு ஒரே இழை போதும், அது தன்னுள்ளேயே வளைந்து புகுந்து துணியாகும். கண்ணி இரண்டே வகை: சீதா, உல்டா. இந்தப் பக்கம் சீதாவாகத் தெரிவது மறுபக்கம் உல்டாவாக இருக்கும். எல்லாம் ஒரே வளையந்தான். பார்க்கும் பக்கந்தான் வேறு.

நானி இந்தியில் எண்ணுவார். என்னால் முடியவில்லை. இந்தியில் நூறு வரையுள்ள எண்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். 'பாசட்' என்பதற்குள் அறுபதும் இரண்டும் எங்கே என்று தேடுவதற்குள் கண்ணி நழுவிவிடும். அறுபத்திரண்டு தன்னைத் தானே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆகவே நான் தமிழில் உரக்க எண்ணினேன். குழந்தை என் முழங்காலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

விளிம்பில் இரண்டு சீதா, இரண்டு உல்டா என்று மாறி மாறி வருவதால் கண் அகலக் கூடாது. விளிம்பு முடிந்து நேர்வரிசைகள் வந்தபின் விரல்கள் தாமே வழி அறிந்துகொண்டன. கண் விடுதலை பெற்றது. துணிக் கவ்வியால் பக்கத்தைப் பிடித்து வைத்து, ரோஜர் பிரவுனின் 1973ஆம் ஆண்டு நூலை அப்படித்தான் மறுபடி படித்தேன். ஆதாம், ஏவாள், சாரா என்ற புனைபெயர்களில் மூன்று குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியை ஆராய்ந்த நூல் அது. நேர்வரிசையில் புதுக் கட்டுரை படிக்கலாம். கைக்குழி குறைக்கும் வரிசையில் ஏற்கெனவே படித்ததைத்தான் படிக்க முடியும். கழுத்து வளைவில் ஒன்றும் முடியாது. வேகமாகப் புரட்டும் என் பழக்கத்தை ஊசி தடுத்தது. பக்கத்தைத் திருப்ப வேண்டுமென்றால் வரிசை முடிய வேண்டும்.

குழந்தைக்கும் புத்தகங்கள் சேர்ந்தன. ஆங்கிலமும் தமிழும் சேர்த்து அச்சிட்ட தூலிகாவின் படநூல்கள் சில. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து ஒரே கதையின் தமிழ், இந்தி வடிவங்கள். தமிழை நான் படிப்பேன், இந்தியை நானி படிப்பார். வெறுமனே வாசித்துக்காட்டாமல், குழந்தையைக் கேள்வி கேட்டு, அவன் சொன்னதை நீட்டிச் சொல்லி, அவனையே கதைசொல்லியாக்கினால் பேச்சு வளரும் என்று வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் காட்டியிருந்தார்கள். அதைப் பின்பற்றினேன். பின்பற்றியதாக நினைத்தேன்.

என் குறிப்பேட்டில் இடப்பக்கம் வரிசை எண்ணிக்கை. வலப்பக்கம் அவன் சொன்ன சொற்கள், நேரம், எந்த மொழி, எதைக் காட்டியபோது என்ற விவரம். பயிற்சியாளர் கேட்டது ஒரு பட்டியல். நான் வைத்திருந்தது ஓர் ஆய்வேடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைப் புரட்டினாள். 'பூனை: மூன்று முறை கேட்டும் பதில் இல்லை' என்ற வரியில் நின்றாள்.

"இவன் உனக்குக் குழந்தையா, தரவாடி?"

என்னிடம் பதில் இல்லை. நான் கேட்டவை கதைக் கேள்விகள் அல்ல, தேர்வுக் கேள்விகள். "இது என்ன?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலைக் கையில் பிடித்துக் காத்திருப்பேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான், பிறகு பென்சிலைப் பார்ப்பான், பிறகு பக்கத்தை மூடிவிடுவான். அந்த மூடலும் ஒரு சொல்தான். அதை நான் எந்தப் பத்தியிலும் குறித்திருக்கவில்லை.

பட்டியல் அன்றோடு அக்காவிடம் போனது. நான் கண்ணிகளை மட்டும் எண்ணினேன். கதையில் பூனை வந்தால் பூனை பாலைக் குடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். அவனும் மடிக்குத் திரும்பினான்.

ஜனவரி இறுதியில், கழுத்து வளைவில் இருந்தபோது, உருண்டை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அவன் தவழ்ந்து போய் எடுத்தான். நான் கேட்டேன், தரவில்லை. பிடுங்கிக்கொண்டேன். அவன் கையை நீட்டினான்: "ஊன் தா."

கம்பளிக்கு நானி சொல்லும் இந்திச் சொல் ஊன். தா என்பது எங்கள் வீட்டுத் தமிழ். இரண்டு சொற்கள், இரண்டு மொழிகள், தமிழின் சொல்லொழுங்கு. குழப்பம் என்று அந்த மருத்துவர் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். நான் இதில் கண்டது, இரண்டு வீடுகளிலிருந்து கிடைத்ததைக் கொண்டு தன் காரியத்தைச் சாதித்துக்கொண்ட ஒருவனை. தமிழில் ஊன் என்றால் இறைச்சி என்று உடனே நினைவு வந்து சிரித்தேன். சிரித்ததில் கண்ணி ஒன்று நழுவி நான்கு வரிசை கீழே ஓடியது. நானி குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக அதை மேலே ஏற்றித் தந்தார்.

ஸ்வெட்டர் பிப்ரவரியில் முடிந்தது. இரண்டு வாரம் போட்டான். பிறகு வெயில் வந்துவிட்டது. அடுத்த குளிருக்கு அது பற்றாது. பயிற்சி தொடர்கிறது, அவன் இன்னும் வயதுக்குக் குறைவாகவே பேசுகிறான். ஒரு சொற்றொடரை வைத்து நான் எதையும் நிறுவ முன்வரவில்லை. அது என் ஆய்வேட்டிலும் இடம்பெறாது. மொழியியல் படிக்கும் நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள்: உறவினர் வீடுகளில் எந்தக் குழந்தையிடமாவது ஒரு மொழியை நிறுத்தச் சொன்னால், நமக்குத் தெரிந்ததை அங்கே பேசுங்கள். பேசும்போது கையில் பென்சில் வேண்டாம்.

மீந்த உருண்டை அக்கா வீட்டு அலமாரியில், படநூல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை நான் கதவைத் திறந்ததும் அவன் அங்கேதான் கையை நீட்டுகிறான். எந்த நூல் வேண்டும் என்று நான் கேட்பதில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.