சீலாவின் செட்டை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டு எழுதியபோது, எமது ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியோ விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். அவற்றைப் பிறர் எம்மிலும் நன்றாக எழுதுவர். எமக்கோ, 1971ஆம் ஆண்டில் விடுதியிற் கூறிய பொய்யொன்றைத் திருத்தவேண்டிய கடன் நெடுநாளாகக் கிடக்கின்றது.

மன்னார்த் தீவின் கழுதைகளை அறியாதார் இலர். தலைமன்னாரில் எமது வீட்டு முற்றத்துத் தண்ணீர்ச் சாடியில் அவை வாய் வையாதபடி, அலுமினியத் தகடொன்றை மூடியாக இட்டு, மேலே ஒரு கல்லும் வைத்திருந்தனர். தகட்டின் ஓரங்களில் வரிசையாக ஆணித் துளைகள் இருந்தன. பாட்டனார் அவற்றைத் தாரினால் அடைத்திருந்தார். யுத்த காலத்தில், 1944ஆம் ஆண்டளவில், களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில் தச்சுவேலை செய்யப் போயிருந்த அவர், திரும்பி வருகையிற் கொண்டுவந்த பொருள் அது. என்னவென்று கேட்டால், “சீலாவின் செட்டை, தம்பி” என்பார். சீலா மீன் எவ்வளவு பெரிதாயினும் அதன் செட்டை அலுமினியமாக இராது என்பதை நாம் அறிவோம்; ஆதலின் அதைக் கிழவரின் பகிடி என்றே கொண்டோம்.

விடுதியில் எம்மைக் ‘கழுதையூரார்’ என்று அழைப்பது வழக்கம். ஒருநாள் பொறுக்கமாட்டாது, எமது வீட்டில் யப்பானிய ஆகாயவிமானமொன்றின் இறக்கை உண்டென்றும், பாட்டனார் அதைக் கடலிற் கண்டெடுத்தாரென்றும் சொல்லிவிட்டோம். அன்றுமுதல் எமது மதிப்பு உயர்ந்தது. மறுவருடம் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் வந்த நண்பர் இருவர் தகட்டைக் காணவேண்டுமென்று எமது வீட்டுக்கும் வந்துவிட்டனர். “அப்பு, இது யப்பான்காரன்ர பிளேன் தானே?” என்று ஒருவர் கேட்க, பாட்டனார் எமது முகத்தை ஒருமுறை நோக்கினார். பின்பு, “பேரன் சொன்னாற் சரிதான்” என்று கூறி உளியை எடுத்துக்கொண்டு அப்பாற் போயினார். அதைப் பற்றி அவர் எம்மிடம் ஒருபோதும் பேசவில்லை. 1983இற் காலமானார்.

பதின்மூன்று வருடங்களின் பின், கொழும்பிற் கடற்படை வரலாற்று நூலொன்றைப் புரட்டுகையில், பிரித்தானியக் கடற்படையின் விமானமொன்றிற்கு ‘பரக்குடா’ என்று பெயரிட்டிருந்ததைக் கண்டோம். பரக்குடா என்பது நமது சீலா மீனின் ஆங்கிலப் பெயர். அன்று கட்டுக்குருந்தையிற் பாட்டனாருக்குத் தமிழ்க் கிளாக்கர் யாரேனும் அதனை விளக்கியிருத்தல் வேண்டும். யப்பானியர் இலங்கையின்மீது குண்டு வீசியதோ 1942 ஏப்பிரில் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலுமே. பாட்டனார் தெற்கே போனது அதன் பின்னரே.

அதன்பின் இச்சீலாக்களின் கதையைத் தேடிப் படிக்கலானோம். கட்டுக்குருந்தை அக்காலத்திற் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் இடமாக இருந்தது. தனது விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயரிடுவது அக்கடற்படையின் வழக்கமாதலால், கட்டுக்குருந்தைக்கு ‘உகுஸ்ஸா’ என்றும் புத்தளத்திற்கு ‘ராஜாலியா’ என்றும் சிங்களப் பெயர்கள் வாய்த்தன. இரண்டும் கழுகு, பருந்து இனத்துப் பெயர்களே. தமிழகத்துச் சூலூருக்கு ‘வைரி’ என்னும் தமிழ்ப் பெயர் கிடைத்தது. சீனன்குடாவிற்கு மட்டும் ஏனோ ‘பம்பரா’ என்று மலைத்தேனீயின் பெயரை இட்டனர். புத்தளத்துச் சேற்றிற் புதைந்த விமானங்களை யானை கட்டி இழுத்தனர். அதன் புகைப்படம் இன்றும் உண்டு.

சீலாக்களை இக்கடலுக்குக் கொண்டுவந்த அணிகளுள் எமது மனத்தில் நின்றது 847ஆம் அணி. 1943 யூன் மாதம் இங்கிலாந்தில் 12 விமானங்களோடு அமைக்கப்பட்ட அவ்வணி, ‘இலஸ்ட்ரியஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் ஏறி, 1944 சனவரி முடிவில் இலங்கை சேர்ந்தது. விமானமொன்றுக்கு மூவர்: ஓட்டுபவர், வழி காண்பவர், தந்தியும் துப்பாக்கியும் பார்ப்பவர். ஏப்பிரில் 19ஆந் திகதி காலையில், சுமத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகத்தை, அமெரிக்கக் கப்பலான ‘சரடோகா’வின் விமானங்களோடு சேர்ந்து தாக்கினர். இலஸ்ட்ரியசிலிருந்து எழுந்தவை 17 சீலாக்களும் 13 கோர்சேர்களும். சபாங்கிற்குக் கிழக்கே நீரிணைக்கு அப்பால் உள்ளது பினாங்கு. அங்கே புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்த எமது பாட்டியாரின் தமையனாரிடமிருந்து அக்காலத்தில் ஒரு கடிதமும் வந்ததில்லை.

சீலாவிற்கு நமது வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வெப்பக் காற்றில் எஞ்சின் வலி குன்றியது. போய்வரக்கூடிய தூரமும் பெரிதுங் குறைந்தது. ஆதலின் மே 17ஆந் திகதி யாவாவின் சுரபாயாவைத் தாக்கியபோது, சீலாக்களைக் கரையில் விட்டுவிட்டு அமெரிக்க ‘அவெஞ்சர்’ விமானங்களை ஏற்றிச் சென்றனர். வீட்டுக் கலியாணத்தில் மாப்பிள்ளையைத் திண்ணையில் இருத்திவிட்டுப் போனது போலாயிற்று. யூன் 21ஆந் திகதி அந்தமானில் போட் பிளேயரைத் தாக்கியபோது மீண்டும் அழைத்தனர். ஆறு மாதங்களுக்கு முன்னர்த்தான் நேதாஜி அங்கே கொடியேற்றியிருந்தார். அம்மாத முடிவிலேயே 847 கலைக்கப்பட்டு 810ஆம் அணியுடன் சேர்க்கப்பட்டது. அதன் ஆயுள் பதின்மூன்று மாதம். அவ்விலக்கத்தைப் பிற்காலத்தில் ஹெலிகொப்டர் அணியொன்றுக்குக் கொடுத்தனர்.

விமானங்களும் விரைவிற் பழையனவாயின. 1945 டிசெம்பர் 3ஆந் திகதி எரிக் பிரவுண் என்பார் ‘ஓஷன்’ கப்பலின் தளத்தில் ஜெட் விமானத்தை இறக்கினார். வைரி இருந்த சூலூரிலேயே 1961இல் இந்தியக் கடற்படை ‘ஹன்சா’ என்னும் தளத்தை நிறுவியது. அதன் ‘சீ ஹோக்’ ஜெட்டுகளும் 1964இல் ஹன்சா கோவாவிற்குப் பெயர்ந்தபோது அங்கே போயின.

1990இல் நாம் இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரம் போனபோது, மூடி சாடியின் மேலேயே இருந்தது. தண்ணீர் நிறைத்துவைத்து, கல்லையும் எடுத்து மேலே வைத்துவிட்டுப் புறப்பட்டவர் எமது அன்னையார். 2010இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது சாடியின் அடிப்பாகம் மண்ணிற் புதைந்து கிடந்தது. கல்லும் அருகே கிடந்தது. தகட்டைக் காணவில்லை.

அச்சிவராத்திரிக்கு வந்த நண்பருள் ஒருவர் இப்பொழுது கனடாவில் இருப்பதாக அறிகிறோம். இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், அத்தகடு யப்பான்காரனுடையதன்று. பாட்டனார் சொன்னபடியே சீலாவின் செட்டைதான்.