இரண்டாம் நாள் வலி

செர்காமில் எங்கள் வீட்டு முன்வாசலில் மூன்றே படிகள். அன்று காலை அவற்றில் இறங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முந்தாநாள் மாலைதான், 43 வயதில், முதன்முதலாகப் பளுவோடு உட்கார்ந்தெழும் பயிற்சியைத் தொடங்கியிருந்தேன். அன்றிரவு வலியே இல்லை. இப்போதோ கால்கள் மடங்க மறுத்தன. தசை கிழிந்துவிட்டது, இனி இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அப்பா சிரித்தார். “செம்பனைக் குலை அறுக்கப் போன முதல் வாரம் என்னால் சோற்றைப் பிசையவே முடியவில்லை. அதற்காக வேலையை விட்டேனா?”

லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் வலிக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன். அந்த அமிலமோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அகன்றுவிடும். நான் பயந்ததில் பாதி உண்மை இருந்தது. பழக்கமில்லாத தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிதைவுகள் ஏற்படுகின்றன. அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902இலேயே இப்படிக் கருதினார். பளுவை உயர்த்தும்போதைவிட இறக்கும்போதே சிதைவு அதிகம். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. படி இறங்குவதும் அப்படித்தான். வலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைந்து, பிறகு தணியும். பயிற்சியின்போதே சுரீரென்று வலித்தாலோ, சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனாலோ கதை வேறு. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆறாம் நாள், பளுவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினேன். அதற்கடுத்த நாள்களிலும் கால் வலித்தது. ஆனால், கம்பியைப் பிடிக்காமலே படியிறங்கினேன்.