என் பழைய மாருதியும் என் காதும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதி இன்ஜின் சமாச்சாரம். அதில் ஆர்வமில்லாதவர்களும் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் படித்தவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வீட்டு வெள்ளை மாருதி 800-ஐ உங்களில் பலருக்குத் தெரியும். செய்முறைத் தேர்வு சாமான்களை அதில்தான் ஏற்றிக்கொண்டு வருவேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது, ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் யார் வீட்டில் என்ன மிஞ்சியது என்று உங்களுக்கே தெரியும். தோப்பில் தென்னைகள் வரிசையாகப் படுத்துவிட்டன. கார் நின்ற தகரக் கொட்டகையும் போய், வண்டிக்குள் தண்ணீர். மரங்களை அப்புறப்படுத்தவே மாதக்கணக்கானது. அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், அதாவது இசியு, நனைந்து உள்ளே பூத்துவிட்டது. மாருதி 800 தயாரிப்பே 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "எடைக்குப் போட்டுருங்க சார்" என்றார்கள். பதிவுக் காலமும் முடிந்தது. வண்டி தோப்பிலேயே நின்றது, கோழி அடை காக்க.

என்னிடம் படித்த ஒருவன் புதுக்கோட்டையில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறான். (பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.) கொரோனா அடங்கியபின் ஒருநாள் வந்தவன், வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இசியுவ நாமளே செஞ்சா என்ன?" என்றான். கேலி செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கேலி இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோஷ் ஸ்டூவர்ட் என்பவர் தொடங்கிய ஸ்பீடுயினோ என்ற இசியு இருக்கிறது. பிள்ளைகள் ரோபோ செய்ய வாங்குகிற ஆர்டுயினோ மெகா பலகைதான் அதற்கு மூளை. சர்க்யூட்டும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. அதற்கு முன்பே மெகாஸ்குவர்ட் என்ற ஒன்றை அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ என்ற இருவர் செய்திருந்தார்கள். வீட்டுக் கொட்டகையில் சொந்த வண்டியின் கம்ப்யூட்டரைத் தாமே திருத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் பரணில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தேன்.

வயரிங், சென்சார் வேலையெல்லாம் அவன் பார்த்தான். கிராங்க் புல்லியில் 36 பல் அளவுக்குப் பிரித்து ஒரு பல்லை மட்டும் வெட்டிவிட்ட சக்கரம் ஒன்று. அந்த ஒரு இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். வருகைப் பதிவில் ஒரு பெயர் விடுபட்டால் வகுப்பே கண்டுபிடிக்குமே, அதுபோல. எனக்குக் கொடுத்த வேலை, எண்களை நிரப்புவது.

இங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. திரையில் ஒரு கட்டம், பதினாறுக்குப் பதினாறு, மொத்தம் 256 அறைகள். குறுக்கே இன்ஜின் வேகம், நெடுக்கே இன்டேக் குழாயின் காற்றழுத்தம். ஒவ்வொரு அறையிலும் ஓர் எண்: அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்று. மீதியை வாயுச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகையில் வருஷாவருஷம் எழுதிய அதே சமன்பாடு! மாருதியின் ஒரு சிலிண்டர் 265 கன சென்டிமீட்டர். வெளிக்காற்றின் அழுத்தத்தில், 40 டிகிரி சூட்டில் அது முழுக்க நிரம்பினால் உள்ளே இருப்பது சுமார் 0.3 கிராம் காற்று. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக ஒரு தடவைக்கு 20 மில்லிகிராம் பெட்ரோல். எத்தனால் கலக்கக் கலக்க அந்த 14.7 குறையும். 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு என் கணக்கில் 13.5 வருகிறது. அப்போது 22 மில்லிகிராம் வேண்டும். பழைய கார்பரேட்டர் வண்டிக்காரர்கள் "முன்ன மாதிரி இழுக்கல" என்று புலம்புவதில் ஒரு காரணம் இந்த இரண்டு மில்லிகிராம்.

முப்பத்து மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்த சமன்பாடு. அது ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து நான் பார்த்ததில்லை. முதல் முறை மூன்று சிலிண்டரும் பிடித்தபோது புகை தோப்பையே மறைத்தது. என் மனைவி, "ஏங்க, நெருப்பு புடிச்சிருச்சா?" என்று குடத்தோடு ஓடிவந்தாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை நான் ரோட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியை ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் தரவில்லை. அது சரிதான். என் பொழுதுபோக்குக்காக ஊரார் புகை குடிக்க வேண்டியதில்லை. தோப்புக்குள் இருநூறு மீட்டர் செம்மண் பாதை, அவ்வளவுதான் எங்கள் ரேஸ் டிராக்.

பெட்ரோல் கட்டத்தைச் சரிசெய்ய நான்கு மாதம். சைலன்சர் குழாயில் மாட்டிய ஆக்சிஜன் சென்சார், கலவை அதிகமா குறைவா என்று அப்போதைக்கப்போது சொல்லிவிடும். பார்த்து எண்ணைத் திருத்தினால் போதும். பொறுமைதான் வேண்டும், பேப்பர் திருத்தியவனுக்கு அது இல்லாமலா. அடுத்தது தீப்பொறிக் கட்டம். அது வேறு ஜாதி வேலை.

பிஸ்டன் உச்சிக்கு வந்தபிறகு பொறி விழுந்தால் நேரம் போதாது, ஏனென்றால் நெருப்பு பரவ நேரம் எடுக்கும். 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டுக்கு 18 டிகிரி திரும்பிவிடுகிறது. அதனால் உச்சிக்கு முன்பே பொறியை விட வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்பதுதான் கேள்வி. கூட்டக் கூட்ட வண்டி நன்றாக இழுக்கும். ஓர் அளவு தாண்டினால், நெருப்பு வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். பிஸ்டனைத் தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எங்கள் ஏற்பாட்டில் சென்சார் இல்லை. காதால் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

நான் தினமும் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஓட்டினேன். இரண்டாம் கியர், 2500 ஆர்பிஎம், சுமை வருவதற்கு இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டர் முழுக்க. 22 டிகிரி. சத்தமில்லை. 24. சத்தமில்லை. 26, 28, 30. இழுவை கூடிக்கொண்டே போனது. பிறகு கூடவில்லை, ஆனால் சத்தமும் இல்லை. 32 வைத்தேன். "நம்ம இன்ஜின் தங்கம்டா" என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். பாதையில் பாதி தூரம் போயிருப்போம்.

"சார், நிறுத்துங்க. நிறுத்துங்க சார்!"

"என்னடா?"

"நாக்கிங் சார். தகர டப்பாவுல புளியங்கொட்டையப் போட்டுக் குலுக்குற மாதிரி கேக்குது. உங்களுக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன், அவன் மறுத்தான். வற்புறுத்தினேன். இரண்டே செகண்ட் மிதித்தான். நான் பானட் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டேன். இன்ஜின் உறுமல் மட்டும்தான். அவன் போனில் பதிவு செய்து, அதைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டான். அப்போது கேட்டது. கிண், கிண், கிண் என்று, உறுமலுக்கு மேலே, தெளிவாக.

அன்று இரவு கணக்குப் போட்டேன். சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர். சூடான வாயுவில் ஒலியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 950 மீட்டர். அந்தக் குழிக்குள் அலை மோதித் திரும்பினால் வருகிற அதிர்வெண் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம். கால்வாசி வேகத்தில் அது 2,000 ஆகிவிடும். எனக்கு 2,000 கேட்கிறது. 8,000 கேட்கவில்லை.

ஹெட்டைக் கழற்றினோம். நடு பிஸ்டனின் ஓரத்தில் அம்மைத் தழும்புபோலப் பொத்தல் பொத்தலாக. பிஸ்டன், கேஸ்கட், லேத் வேலை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய். அது போகட்டும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்து பார்த்தால், வரைபடம் 1,000 ஹெர்ட்ஸ் வரை மட்டமாக வந்து, அதற்குப் பிறகு கண்மாய்க் கரைபோல இறங்குகிறது. 4,000-இல் 55 டெசிபல் இழப்பு, 8,000-இல் 70. வயதானால் மேல் சுரங்கள்தான் முதலில் போகும் என்றார் டாக்டர். பேச்சில் ச, ஸ, ஃப, க் மாதிரியான மெய்யெழுத்துகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. உயிரெழுத்து கேட்கும், மெய் தேயும். ஆள் பேசுவது தெரியும், என்ன சொல்கிறார் என்பது தெரியாது. "எல்லாரும் முணுமுணுன்னு பேசுற மாதிரி இருக்குமே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை வருஷமாக என்றார். யோசித்தேன். "ஒரு வருஷத்துல வந்தது இல்ல இது. பத்து வருஷத்துக்கு மேல இருக்கும்," என்று அவரே சொன்னார்.

நான் ஓய்வு பெற்றது 2017-இல்.

டாக்டர் மேற்கொண்டு பேசியது எதுவும் மனதில் நிற்கவில்லை. என் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கடைசி வருஷங்களில் பிள்ளைகள் முன்போலப் பேசுவதில்லை, எல்லாம் போன் வந்த கோளாறு என்று ஆசிரியர் அறையில் நான் சொல்லாத நாளில்லை. "வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்க?" இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? சிரித்துக்கொண்டே படிக்கிறவர்கள் சிலர் இருப்பீர்கள். அது எங்கள் சாரின் வசனம் என்று கல்யாண வீடுகளில் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறீர்கள். மெல்லிய குரல் உள்ள பெண் பிள்ளைகளைத்தான் அதிகம் சொன்னேன் என்பது இப்போது தெரிகிறது. காரணமும் தெரிகிறது.

ஒருத்தியை மட்டும் மறக்க முடியவில்லை. மூன்றாம் பெஞ்ச் ஓரம். அழுத்தத்தின் அலகு என்ன என்று கேட்டேன். சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை அந்த வசனத்தைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. "சார், அவ சரியாத்தான் சொன்னா," என்றாள் பக்கத்தில் இருந்தவள். தோழியைக் காப்பாற்றுகிறாள் என்று அவளையும் சேர்த்து மணி அடிக்கும் வரை நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு மார்ச் மாதம் வரை அந்தப் பிள்ளை என் வகுப்பில் கை தூக்கவில்லை. நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். கவனித்தேன் என்பதுதான் உண்மை.

அம்மா, நீ சொன்னது பாஸ்கல். இப்போது தினமும் சாயங்காலம் திரையில் நான் பார்க்கிற எண்ணுக்குப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது, கிலோபாஸ்கல் என்று. அன்றைக்கு நீ மூன்று தடவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். கோளாறு என் காதில். உன்னையும் உன் தோழியையும் நிற்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களைப் போல எத்தனை பேர் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. நினைவிருப்பவர்கள் எழுதுங்கள், திட்ட வேண்டும் என்றாலும் திட்டுங்கள். பதில் எழுதுவேன்.

காது மிஷின் போட்டாயிற்று. ஆனால் நாக்கிங்குக்கு அதை நம்புவதில்லை. அவன் ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு முடுக்கி, மறுமுனையில் சின்ன மைக் வைத்திருக்கிறான். அது லேப்டாப்புக்குப் போய், மேல் சுரத்தைக் கீழே இறக்கி எனக்குக் கேட்கவைக்கிறது. இரண்டாம் கியர், 2500 ஆர்பிஎம், முழுச் சுமைக்கு இப்போது 24 டிகிரி. 26-இல் லேசாகக் கிண் என்கிறது. அந்த ஓர் அறைக்கு விடை கிடைத்துவிட்டது. சுமை அதிகமான மேல் வரிசைகள் இன்னும் பாக்கி.

இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் தோப்புக்கு வரலாம். வருவதற்கு முன் போன் செய்ய வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்.