வைரவர் ஊரில் ஒரு பூட்டு வைத்தியம்

திருப்பத்தூர் என்றவுடனே, "வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019-ல் தனி மாவட்டமாகிவிட்ட அந்த ஊர் வேறு. நான் சொல்வது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். மதுரையிலிருந்து மேலூர் வழியாகக் காரைக்குடிக்குப் போகும் சாலையில், சுமார் 60 கிலோ மீட்டரில் வருகிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். தேவாரத்தில் இதற்குத் திருப்புத்தூர் என்று பெயர். வால்மீகி முனிவர் இங்கே புற்றுக்குள் இருந்து தவம் செய்தார், அதனால் புத்தூர் ஆயிற்று என்கிறது தல புராணம்.

இந்த ஊர் திருத்தளிநாதர் கோவிலில் யோக பைரவர் சந்நிதி மிகவும் பிரசித்தம். மற்ற கோவில்களில் நின்ற கோலத்தில் காட்சி தரும் பைரவர், இங்கே யோகத்தில் அமர்ந்திருக்கிறார். செட்டிநாட்டுக்காரர்கள் அவரை வைரவர் என்றுதான் சொல்வார்கள். வைரவருக்கும் பூட்டு சாவிக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. சிவன் கோவில்களில் அர்த்தஜாமப் பூஜை முடிந்து நடை சாத்தியதும், சாவியை வைரவர் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவது பழைய வழக்கம். கோவிலுக்கே காவல்காரர் அவர். கதவு பூட்டாத, பூட்டினால் திறக்காத ஒரு காரை எடுத்துக்கொண்டு போவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது?

அந்தக் கார் எங்களுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. புதுக் கார் இல்லை. ஒருவர் வைத்திருந்து விற்ற கார். எஞ்சின் நன்றாக இருந்தது. பெயிண்டும் பளபளவென்று இருந்தது. "நாலு கதவும் ஜம்முனு இருக்கு, சார்!" என்று விற்றவர் அடித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கதவுகள் தங்கள் சுயரூபத்தைக் காட்டின. டிரைவர் பக்கத்துக் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினால் அது ஆட்டுக்கல் குழவி மாதிரி சும்மா சுற்றியது. ரிமோட்டை அழுத்தினால் சில சமயம் நாலு கதவும் கேட்கும். சில சமயம் இரண்டு கதவு கேட்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

இவருடைய சித்தப்பா மகன் திருப்பத்தூரில் இருக்கிறார். "எங்க ஊருல கதவு வேலைக்கின்னே ஒருத்தர் இருக்காரு. கொண்டுக்கிட்டு வாங்க. வேலை முடிஞ்சதும் அப்படியே பிள்ளையார்பட்டியில ஒரு பூஜையும் போட்டுரலாம்" என்று போனில் சொன்னார். அத்தைக்குப் பிள்ளையார்பட்டி என்ற வார்த்தை ஒன்றே போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர், நான், அத்தை, ஐந்து வயதுப் பையன் கண்ணன், நால்வருமாகக் கிளம்பினோம்.

மேலூர் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் கருவேலமும் கண்மாயும் மாறி மாறி வந்தன. பின்னால் இடது பக்கத்துக் கதவு மட்டும் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் தாளம் போட்டது. "இந்தக் கதவுக்கு வாய் மூடாதா?" என்றார் அத்தை. இவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓங்கிச் சாத்திவிட்டு வந்தார். கொஞ்ச தூரம் மௌனம். பிறகு மறுபடியும் தாளம்.

திருப்பத்தூருக்குள் நுழைகிற யாரும் மருது சகோதரர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 1801 ஜூன் மாதத்தில், ஆங்கிலேயரை எதிர்த்து எல்லோரும் ஒன்று சேருங்கள் என்று திருச்சியில் அறிக்கை ஒட்டினார் சின்ன மருது. அதே வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி அண்ணன் தம்பி இருவரையும் இந்த ஊரில்தான் தூக்கிலிட்டார்கள். அவர்களுக்கு ஊரில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மாலை மரியாதை நடக்கிறது. கண்ணனுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக் கதையில் அப்பத்தா மடியில் தூங்கிப் போனான்.

கோவில் வாசலுக்குப் பக்கத்தில் கார் நின்றது. நடை திறந்திருக்கிறதா என்று பார்க்க நான் இறங்கினேன். இவரும் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியோடு இறங்கிக் கதவைச் சாத்தினார். சாத்தினதுதான் தாமதம், 'டக்'கென்று ஒரு சத்தம். நாலு கதவும் தாமாகவே பூட்டிக்கொண்டன!

இவர் ரிமோட்டை அழுத்தினார். உள்ளே ஏதோ முனகியது; கதவு அசையவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினார். அது சும்மா சுற்றியது. ஏ.சி. போட்டு வந்ததால் கண்ணாடிகள் எல்லாம் மேலே ஏற்றியபடி இருந்தன. எஞ்சின் நின்றபின் பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கவும் வழியில்லை. உள்ளே அத்தை இடது கதவை இழுத்தார், வலது கதவை இழுத்தார். இரண்டும் திறக்கவில்லை. பதினொரு மணி வெயில் நேராகக் காரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணன் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அழுகை முகம் தெரிகிறது, சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நாரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்துக்கொண்டு, "அழுகாத ராசா! முன் சீட்டுக்குத் தாவுய்யா! அந்தக் குமிழைத் தூக்கிவிட்டுட்டு கைப்பிடிய இழு சாமி!" என்று உரக்கச் சொன்னார். அத்தை பையனைத் தூக்கி முன்னால் விட்டார். அவன் குமிழைத் தூக்கிக் கைப்பிடியை இழுத்தான். கதவு திறந்துகொண்டது. எல்லாம் சேர்த்து நாலைந்து நிமிஷம் இருக்கும். அத்தையின் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

"எப்படி அம்மா உங்களுக்குத் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"எம் மவன் கார் ஓட்டுறான் தாயி. பின் கதவு திறக்காட்டி முன் கதவு திறக்கும்னு சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூக்கட்டத் தொடங்கினார்.

பயந்தது வீண் பயமில்லை, சகோதரிகளே. 2022 ஜூன் மாதத்தில், திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்குப் பக்கத்தில் லெப்பைக்குடியிருப்பு என்ற ஊரில், நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி செல்ஸியஸ் சூடு ஏறிவிடும். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும். உள்ளே சேர்ந்த சூடு வெளியே வராது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு வெகு சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஸ்வாமி தரிசனம் முடிந்தது. யோக பைரவர் முன்னால் அத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு நேரே ஒர்க் ஷாப்புக்குப் போனோம். அந்தப் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கதவின் உட்புறப் பலகையை, அவர்கள் பாஷையில் டோர் பேடை, முறம் எடுப்பது போல அலுங்காமல் எடுத்து வைத்தார். கதவுக்குள் இவ்வளவு சாமான் இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

"பூட்டுங்கிறது ஒண்ணுமில்ல தாயி" என்று அவர் விளக்கினார். சாவித் துவாரத்துக்குள் சின்னச் சின்னத் தகடுகள் அடுக்கியிருக்கின்றன. சாவியின் மேடு பள்ளம் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் உருளை திரும்பும். உருளை திரும்பினால் அதன் வாலில் உள்ள கம்பி நகர்ந்து கொக்கியை விடுவிக்கும். எங்கள் கதவில் உருளையையும் கம்பியையும் இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், அது உடைந்து கதவின் அடியில் கிடந்தது. சாவி ஏன் சும்மா சுற்றியது என்பது தெரிந்துவிட்டது.

ஆளில்லாமல் பூட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. கதவுக்கு ஒரு சின்ன மோட்டார். அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர், கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வழியாக வருகிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த ஒயர் மடங்கி மடங்கி, உள்ளே இழை அறுந்துபோயிருந்தது. ஒட்டினால் ஒரு பேச்சு, விட்டால் ஒரு பேச்சு. பெரியவர் அதை வெட்டி, புது ஒயர் சேர்த்துக் கட்டினார்.

தாளம் போட்ட கதவின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். லொடக் லொடக்கென்று ஆடியது. கீல் தேய்ந்து கதவு தொங்கிப் போயிருந்தது. கார்க் கதவின் கொக்கிக்கு இரண்டு பிடி உண்டாம். முதல் பிடியில் கதவு மூடினாற்போல இருக்கும். இரண்டாவது பிடியில்தான் உண்மையாக மூடும். எங்கள் கதவு முதல் பிடியிலேயே அறுபது கிலோ மீட்டர் வந்திருக்கிறது. அத்தை அதில்தான் சாய்ந்துகொண்டு வந்தார்!

கடைசியாகப் பின் கதவுகளைத் திறந்து, அவற்றின் ஓரத்தில், கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன விசையைக் காட்டினார். அதுதான் சைல்டு லாக். ஓடும் காரில் குழந்தைகள் கதவைத் திறந்துவிடக் கூடாதென்று வைத்தது. அதைப் போட்டுவிட்டால் பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது, வெளியிலிருந்துதான் திறக்கும். விற்றவர் வீட்டிலும் சின்னப் பிள்ளை இருந்திருக்க வேண்டும். இரண்டு விசையும் போட்டபடியே எங்களிடம் வந்திருந்தன. ஒன்று துருப்பிடித்து இறுகியே போயிருந்தது.

சாவித் துவாரத்தில் இவர் எண்ணெய் விடப் போனபோது பெரியவர் தடுத்தார். "எண்ணெய் தூசியை இழுக்கும் தம்பி. கிராஃபைட் தூள் போடுங்க" என்றார். பிறகு, "சாவி எத்தனை குடுத்தாக?" என்று கேட்டார். ஒன்றுதான். "இன்னொண்ணையும் கேட்டு வாங்குங்க. கிடைக்காட்டி லாக் செட்டையே மாத்திருங்க. அந்தச் சாவி யார் கையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" நியாயமான கேள்விதான். கார் களவு போனால் இன்ஷூரன்ஸ்காரர்களும் இரண்டு சாவியையும் கேட்பது வழக்கம்.

மாலையில் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். பத்துக் கிலோ மீட்டருக்குள்தான். வழியில் வைரவன்பட்டி. நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் ஒன்றான வளரொளிநாதர் கோவில் இங்கே இருக்கிறது. வைரவர் பெயரிலேயே அமைந்த ஊர் என்பதால் அங்கேயும் இறங்கி ஒரு கும்பிடு போட்டோம். பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்து செதுக்கிய கற்பக விநாயகர் இரண்டே கைகளோடு, வலம்புரித் தும்பிக்கையோடு அமர்ந்திருக்கிறார். காருக்கு மாலை விழுந்தது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

திரும்பும்போது இருட்டுவதற்குள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தோம். பர்மாத் தேக்கில் சித்திர வேலை செய்த நிலைக் கதவுகள். பல வீடுகளில் பெரிய பூட்டுத் தொங்கியது. குடும்பங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. கல்யாணம், திருவிழா என்றால்தான் திறக்கும். பூட்டு என்றால் இந்தப் பக்கத்தில் திண்டுக்கல் பூட்டுக்குத்தான் மதிப்பு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

அத்தை ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பாத்தியா? முன் வாசல் இந்தத் தெருவுல, பின் வாசல் அடுத்த தெருவுல. இத்தாம் பெரிய பூட்டுப் போடுற ஆளுக, வெளியே போறதுக்கும் ஒரு வழி வச்சுல்ல கட்டியிருக்காக!"

நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு என்றால் நாம் திருடனைப் பற்றித்தான் யோசிக்கிறோம். வெளியே இருப்பவன் உள்ளே வராமல் இருப்பது ஒரு காரியம். உள்ளே இருப்பவர்கள் வேண்டும்போது வெளியே வருவது அதைவிடப் பெரிய காரியம். பூட்டாத கார் போனால் பணத்தோடு போகும்.

ஆகவே, ஒருவர் ஓட்டிய காரை வாங்கப் போகிறவர்கள் எஞ்சினை வீட்டு ஆண்கள் பார்க்கட்டும் என்று விட்டாலும், கதவுகளை நீங்கள் பாருங்கள். ஒவ்வொரு கதவையும் தூக்கிப் பாருங்கள், ஆடுகிறதா என்று. ரிமோட் இல்லாமல் சாவியால் பூட்டித் திறந்து பாருங்கள். இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். சைல்டு லாக் விசை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் நிற்கிற காரை எப்போதும் பூட்டி வையுங்கள். சாவி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. காருக்குள் மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்குத் தாவி அந்தக் கதவைத் திறக்கவும், விடாமல் ஹாரன் அடிக்கவும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போலச் சொல்லிக் கொடுங்கள். ஒன்றும் பலிக்காமல் போனால், உள்ளே இருப்பவருக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் கனமான எதையாவது கொண்டு அடித்து உடைக்கத் தயங்காதீர்கள். முன் கண்ணாடி லேசில் உடையாது. கண்ணாடி போனால் வேறு போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு, மாலை போடுவதற்கு முன்னால் இன்னும் ஒன்று செய்யுங்கள். பின் சீட்டில் நீங்களே ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்தால், நல்ல நாள் பார்த்துப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பலாம்.